பிளாக் பத்தொன்பது, மருதம் சாலை, நாற்பத்தாறு

என் பேச்சைக் கேட்டுக் கெட்டவர்கள் யார் யார் என்று பார்த்தால், முதல் பெயர் என் மகனுடையதாகத்தான் இருக்கும். இதை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்திருந்தால் அவர்களோடும் சண்டைக்குப் போயிருப்பேன்.

என் பெயர் பொற்கொடி. நெய்வேலி டவுன்ஷிப்பில் பிளாக் பத்தொன்பதில் இருபத்தேழு வருஷம் குடியிருந்தவள். என் வீட்டுக்காரர் ராஜாங்கம் சுரங்கத்தில் கன்வேயர் பக்கம் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் சித்திரையில் ரிட்டயர் ஆனார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை சிலம்பரசன். இப்போது இருபத்திரண்டு வயது. வீட்டில் சிலம்பு.

அவனுக்கு ஆட்டிசம் என்று பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் சொன்னபோது வயது மூன்றரை. மாத்திரை எழுதுங்கள் என்றேன். இதற்கு மாத்திரை கிடையாது என்றார். அப்படியானால் நீங்கள் எதற்கு என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போதுதான் அழுகை வந்தது. ராஜாங்கம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார். எங்கள் வீட்டில் பேசுவதற்கு நான், சுமப்பதற்கு அவர்.

அந்த வாயை வைத்துத்தான் பிழைத்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டேன் என்றவர்களின் வாசலில் டிபன் கேரியரோடு போய் உட்கார்ந்தேன். ஊனச் சான்றிதழுக்காகக் கடலூருக்கு எத்தனை நடை நடந்தேன் என்று அந்த ரூட்டில் போகிற கண்டக்டர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒருமுறை அங்கே வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். இடுப்பில் வயசுக்கு மீறிய கனத்தில் ஒரு பெண் குழந்தை. டவுன்ஷிப்பை ஒட்டிய வடக்குத்துக்காரி, பெயர் தனம், புருஷன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, அவள் விண்ணப்பத்தையும் நானே பூர்த்தி செய்து, அவளுக்காகவும் சேர்த்து உள்ளே இருந்தவரோடு சண்டை போட்டேன். அன்றைக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கிடைத்தது. தனத்தின் மகள் தமிழ்நிலாவுக்கு அப்போது நாலு வயது.

அப்படி இரண்டு பேரானோம். பிறகு நாலு, ஏழு, பன்னிரண்டு குடும்பம். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பார்க்கில் ஒரு புங்கமரத்தடியில் கூடுவோம். பெர்மனென்ட் வீடு, கான்ட்ராக்ட் வீடு, ஊர்க்காரர், வெளியூர்க்காரர் என்று டவுன்ஷிப்பில் ஆயிரம் பிரிவு உண்டு. அந்த மரத்தடியில் மட்டும் கிடையாது. எந்தப் பிள்ளையாவது கத்தி உருண்டால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம். திரும்பிப் பார்க்காத மனுஷர்கள் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது விலாசப் பாடம்.

அதற்குக் காரணம் வடலூர். சிலம்புவுக்கு ஒன்பது வயதில் தைப்பூசத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். ஜோதி தரிசனத்துக்குத் திரை விலகியதும் எல்லாரும் கை கூப்பினார்கள். நானும் கூப்பினேன். கூப்புவதற்காக அவன் கையை விட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால் பிள்ளை இல்லை. ஐந்து மணி நேரம் கழித்து ஒரு பொரிக்கடைக்காரரின் சாக்குகளுக்கு நடுவே கிடைத்தான். பெயர் கேட்டாராம், ஊர் கேட்டாராம், அப்பா பெயர் கேட்டாராம். இவன் விரலை ஆட்டிக்கொண்டு சிரித்தானாம். அன்றைக்கு முடிவு செய்தேன். அம்மா என்று கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, விலாசத்தைச் சொல்லிவிட்டால் போதும், எந்த மூலையில் விட்டாலும் யாராவது கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள்.

ராஜாங்கம் வேறு யோசனை சொன்னார். போன் நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடலாம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் பிள்ளை என்ன ஆடா மாடா, கழுத்தில் சீட்டு கட்டி அனுப்புவதற்கு என்று கத்தினேன். அவர் தன் சட்டைக்குமேல் தொங்கிய கம்பெனி அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

“நானும் கழுத்துல அட்டைய மாட்டிக்கினுதான் தெனம் ஷிப்ட்டுக்குப் போய் வரேன். எனக்கு என்னா கொறஞ்சு போச்சு?”

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

தினமும் காலையில் சிலம்புவைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்துவேன். தூணில் மஞ்சள் பெயின்ட்டில் நாற்பத்தாறு என்று எழுதியிருக்கும். அவன் விரலைப் பிடித்து அந்த எண்ணின்மேல் ஓட்டுவேன். இன்னொரு கையில் பொட்டுக்கடலை மாவும் சர்க்கரையும் கலந்த கிண்ணம். ‘பிளாக்’ என்ற ஒரு சொல்லுக்கு ஐந்து மாதம் ஆனது. அது வந்த அன்றைக்குக் கிண்ணத்தையே அவனிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் முடிகிற சமயத்தில், ஓர் ஆடி மாதக் காலையில், நான் கேட்காமலே முழுசாகச் சொன்னான்.

“பிளாக் பத்தொன்பது, மருதம் சாலை, நாற்பத்தாறு.”

என் குரலிலேயே சொன்னான். என் அதட்டல், என் இழுப்பு, கடைசியில் மூச்சு வாங்குவதுகூட அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்மணி நான்தான் யாரையோ திட்டுகிறேன் என்று எட்டிப் பார்த்தாள். நான் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அவன் சிந்திய மாவை அள்ளித் தின்றான்.

அதற்குப் பிறகு அவனுக்கு வேறு பேச்சு வரவில்லை. அந்த ஒரு வரிதான். பசித்தாலும் அதுதான், காய்ச்சலில் அனத்தினாலும் அதுதான். ஆனால் அந்த வரி அவனை மூன்று தடவை காப்பாற்றியது. மெயின் பஜாரிலிருந்து சைக்கிள் கடைக்காரர் கொண்டுவந்து விட்டார். ஒரு கண்டக்டர் கடைசி ஸ்டாப்பிலிருந்து ஆட்டோ பிடித்து அனுப்பினார். ஒருமுறை ரோந்துக்கு வந்த செக்யூரிட்டி ஆள் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் நான் ராஜாங்கத்தைப் பார்த்து, எங்கே உங்கள் அட்டை என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பேன். அவர் சிரித்துவிட்டுச் செருப்பைத் தேடுவார்.

நான் சும்மா இருப்பேனா? மற்ற பிள்ளைகளுக்கும் ஆரம்பித்தேன். கிண்ணத்தோடு வீடு வீடாகப் போனேன். சிலம்புவைத் தவிர ஒன்பது பிள்ளைகள் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். தமிழ்நிலா ஏழு வயதில் சொன்னாள். கடலூரில் ஒரு கூட்டத்தில் என்னை மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைக்கு ஏ பி சி டி வேண்டாம், வீட்டு விலாசத்தைச் சொல்லிக்கொடுங்கள் என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லை என்று சொல்வதுகூடப் பொய். கம்பெனி குவார்ட்டர்ஸில் இருக்கிற எல்லாருக்கும் சாவி வாங்குகிற அன்றைக்கே தெரியும், இது திருப்பிக் கொடுக்கவேண்டிய வீடு என்று. தெரிந்தும் கொல்லையில் பலாக்கன்று நடுவோம், காம்பவுண்டை ஒட்டி மல்லிகைப் பந்தல் போடுவோம், சமையலறைச் சுவரில் பிள்ளையின் உயரத்தைப் பென்சிலால் குறிப்போம். ரிட்டயர்மென்ட் என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு வருவது. பன்னிரண்டு குடும்பத்தில் ஒன்பது குடும்பம் குவார்ட்டர்ஸ்வாசிகள். ஒன்பது பிள்ளைகளுக்கும் ஒருநாள் காலி செய்யப்போகிற வீட்டின் விலாசத்தை மண்டையில் ஆணி அடித்து மாட்டினோம். அந்த ஆணியை அடிக்கச் சொன்னவள் நான்.

ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரே சமயத்தில்தான் ரிட்டயர் ஆவார்கள். எதிர் வீட்டுக்காரர் முந்தின வருஷமே பண்ருட்டிக்குப் போய்விட்டார். சிலம்புவைக் குழந்தையிலிருந்து பார்த்த பக்கத்து வீட்டுப் பெண்மணி மகனோடு சென்னைக்குப் போனாள். எங்கள் முறை வந்தபோது தெருவில் எங்களைத் தெரிந்தவர் என்று யாரும் மிச்சமில்லை. வடக்குத்தில் நாங்கள் கட்டியிருந்த சொந்த வீட்டுக்கு ஆனி மாதம் குடி போனோம்.

சிலம்பு உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றான். நாலு நாள் வராண்டாவில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். நாள் முழுக்க அந்த வரியைச் சொல்லிக்கொண்டே இருந்தான், என் குரலில். என்னை நானே அதட்டுவதைக் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் மாதத்திலேயே இரண்டு தடவை காணாமல் போனான். இரண்டு தடவையும் யாரோ நல்ல மனுஷர்கள் விலாசத்தைக் கேட்டு, பழைய குவார்ட்டர்ஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். வீடு இன்னும் யாருக்கும் ஒதுக்காமல் பூட்டிக் கிடந்தது. புல் முளைத்த படியில் உட்கார்ந்திருந்தான். ராஜாங்கம் நேராக அங்கே போய் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டி என்றால் யார் வண்டியிலும் ஏறிக்கொள்வான், அது ஒன்றுதான் அவனுக்குச் சந்தோஷம்.

அன்றைக்கு ராஜாங்கம் சொன்னார், “எங்க போனாலும் அங்கதான வந்து குந்திக்கினு இருக்கான். நமக்கு எடம் தெரியுதே. வுட்டுடு, சொல்லிட்டுப் போறான்.”

நான் விடவில்லை. நாளைக்கு அந்த வீட்டுக்குப் புதுசாக ஆள் வந்தால்? வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆறடிப் பையனைத் திருடன் என்று நினைத்து அடித்தால்? பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதவேண்டும் என்றேன். வடக்குத்து வீட்டு விலாசத்தை மூன்று சொல்லாகச் சுருக்கிவைத்தேன். மறுபடியும் கிண்ணம், மறுபடியும் பொட்டுக்கடலை மாவு. ஆனால் புதியது நுழைய இடமில்லை. நான் ‘வடக்குத்து’ என்றால் அவன் ‘பிளாக்’ என்று ஆரம்பிப்பான்.

அதனால் வாயைப் பொத்தினேன்.

முரட்டுத்தனமாக அல்ல. அவன் ஆரம்பித்ததும் உள்ளங்கையை அவன் வாய்மேல் வைப்பேன். அழுத்த மாட்டேன், மூக்கை விட்டு, வாயை மட்டும். தலையை ஆட்டி வேண்டாம் என்பேன். அவன் நிறுத்தினால் ஒரு ஸ்பூன் மாவு. காலை, மதியம், சாயந்திரம், தூங்கப் போகும்போது. காய்ச்சல் வந்து படுத்திருந்த நாளில்கூட விடவில்லை. சூடான உதடு என் கைக்கு அடியில் ‘பத்தொன்பது’ என்று அசைந்தது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

அன்றைக்கு ராஜாங்கம் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவங்கிட்ட இருக்கறதே அந்த ஒண்ணுதான், பொற்கொடி. அதையும் புடுங்கிக்காத.”

முப்பத்தோரு வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சிய ஒரே தடவை அது. உங்களுக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள் சும்மா இருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் பலன் தெரிந்தது. ஒருநாள் சிலம்பு வாயைத் திறந்தான். ‘பி’ என்று உதடு குவிந்தது. நான் கையைத் தூக்குவதற்கு முன்னால் அவன் கையே தானாக எழுந்து அவன் வாயைப் பொத்தியது. என்னைப் பார்த்து மாவுக்காகக் கை நீட்டினான். இரண்டு ஸ்பூனாகக் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் அவனைச் செய்யவைத்துக் காட்டினேன். பழசு போய்விட்டது, இனிமேல் புதுசு வரும், ரிட்டயர் ஆகப்போகிறவர்கள் இப்போதே ஆரம்பியுங்கள் என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். சிலம்பு கைதட்டல் சத்தம் தாங்காமல் காதைப் பொத்தினான். அப்போது அவன் இரண்டு கையும் காதில் இருந்தது, வாய் சும்மாதான் இருந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை.

புதுசு வரவே இல்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. வீடு நிசப்தமாக இருந்தது. என் குரல் எனக்கே கேட்காமல் போனது நிம்மதி என்றுகூட ஒருநாள் நினைத்தேன். அந்த நினைப்புக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை மதியம். தமிழ்நிலாவைப் பரீட்சைக்கு உட்காரவைக்க முடியாது என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்களாம். தனம் போனில் அழுதாள். நான் ஹெட்மிஸ்ட்ரஸைக் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் சட்டம் பேசினேன், அரசாணை எண்ணைச் சொன்னேன், கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போவேன் என்றேன். கடைசியில் அந்த அம்மாள் சரி என்றார். ஜெயித்த சந்தோஷத்தில் போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கேட் திறந்து கிடந்தது. சிலம்புவின் ஒரு செருப்பு வாசலில் கிடந்தது.

வெளியே போயிருந்த ராஜாங்கம் சாயந்திரம் வந்ததும் நேராகப் பழைய குவார்ட்டர்ஸுக்குத்தான் வண்டியை விட்டார். அங்கே புது ஜன்னல் திரை, கேட்டில் புதுப்பூட்டு. யாரோ குடிவந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆளில்லை. பக்கத்து வீட்டுப் பெண் ஊருக்குப் புதுசு, தான் யாரையும் பார்க்கவில்லை என்றாள். இருட்டும்வரை அந்தப் படியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். அதுவரைக்கும் நான் பதறவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அவர் வெறும் வண்டியோடு வந்து இறங்கியதைப் பார்த்ததும்தான் தனத்துக்குப் போன் போட்டேன்.

பன்னிரண்டு குடும்பமும் இறங்கினார்கள். ஆளுக்கு மூன்று பிளாக் என்று பிரித்துக்கொண்டு தேடினார்கள். ராஜாங்கத்தோடு வேலை பார்த்தவர்கள் சுரங்க வேலியோரம் முழுக்க நடந்து பார்த்தார்கள். ஏன் அங்கே பார்க்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். சிலம்புவின் போட்டோ எல்லார் போனிலும் சுற்றியது. தனம் இரண்டு நாளும் மகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடந்தாள். யாராவது விலாசம் கேட்டுக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் அக்கா, தம்பிதான் அழகாகச் சொல்லுமே என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக முன்னால் நடந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு போன் வந்தது. அருண்ராஜ் என்றார். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர், கும்பகோணம் பக்கம், பழைய குவார்ட்டர்ஸ் இப்போது அவருடையது. வார லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருக்கிறார். ஷிப்ட்டுக்குப் போன இடத்தில் போட்டோவைப் பார்த்திருக்கிறார்.

நாங்கள் போனபோது அவர் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். புதன்கிழமை மதியம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்தபோது சிலம்பு இந்தத் தூணருகே நின்று எண்ணின்மேல் விரலால் தேய்த்துக்கொண்டிருந்தானாம். தண்ணீர் கொடுத்தாராம், தயிர்சாதம் கொடுத்தாராம், சாப்பிட்டானாம். பெயர் என்ன, வீடு எங்கே என்று பத்துத் தடவையாவது கேட்டிருப்பார்.

“நம்பரைப் பாக்குறாரு, என்னைப் பாக்குறாரு. என்னவோ சொல்ல வாயைத் திறக்குறாரு, உடனே ரெண்டு கையாலயும் பொத்திக்கிறாரு. கண்ணுலேர்ந்து தண்ணியா ஊத்துதும்மா. பேச வராதவரு போலன்னு நினைச்சுட்டேன்.”

ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரம் அவருக்கு. வெயிலில் தெருவில் விட்டுப் போகவும் மனசில்லை. வடலூரில் யாரானாலும் கேள்வி கேட்காமல் சோறு போடுவார்கள் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எப்படியும் வடலூரில்தான் கும்பகோணம் பஸ் ஏறவேண்டும். அதனால் வண்டியில் உட்காரவைத்து அங்கே கொண்டுபோய், சாப்பாட்டு வரிசை அருகே விட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாராம். தப்பு பண்ணிட்டேனாம்மா என்று கேட்டார். இல்லை தம்பி என்றேன். அந்தப் பிள்ளையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக வரவில்லை.

வடலூரை நாங்கள் தேடவே இல்லை. கூட்டம் என்றால் பயப்படுவான், ஒன்பது வயதுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டான் என்று அதை மட்டும் விட்டிருந்தோம்.

அங்கே சாப்பாட்டுக் கூடத்தின் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் புண். மூன்று நாள் அழுக்கு. ஒவ்வொரு வேளையும் வரிசையில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அதே இடத்துக்குப் போய்விடுவான் என்று பரிமாறுகிறவர் ஒருவர் சொன்னார். அங்கே பசிக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள், யார் என்ன என்று கேட்பதில்லை. கேட்டிருந்தாலும் அவன் சொல்லியிருக்க மாட்டான்.

நான் ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்தேன். சிலம்பு என்னைப் பார்த்தான். முகம் மாறியது, உதடு பிரிந்தது. உடனே உள்ளங்கையைத் தூக்கித் தன் வாயில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை என்னிடம் நீட்டினான். மூன்று நாளாக நான் சொன்னபடி நடந்துகொண்டதற்கு ஒரு ஸ்பூன் மாவு கேட்டான். நான் தரையில் நெற்றியை வைத்து அழுதேன். ராஜாங்கம் அறுபது வயதில், தன்னைவிட உயரமான பிள்ளையைத் தோளில் சாய்த்து, பாதி தூக்கியும் பாதி இழுத்தும் வண்டிவரைக்கும் கொண்டுபோனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டத்தில் எழுந்து நின்று, என் பேச்சைக் கேட்டு முதலில் கெட்டவன் என் மகன்தான் என்று சொன்னேன். என் பிள்ளை தன் விலாசத்தின் வாசற்படியிலேயே நின்று, கேட்டவரிடம் அதைச் சொல்ல முடியாமல் அழுதிருக்கிறான், வாயைப் பொத்தியது நான் என்றேன். தனம்தான் கேட்டாள்.

“அப்ப எங்க புள்ளைங்களுக்கு நாங்க என்னாதாங்க்கா சொல்லிக்குடுக்கறது?”

பத்து வருஷமாக அந்தக் கூட்டத்தில் எல்லாக் கேள்விக்கும் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை என்றேன். அப்போது ராஜாங்கம் எழுந்து வந்தார். கூட்டத்தில் அவர் பாய் விரிப்பார், தண்ணீர்க் கேன் தூக்குவார், பேசியதே இல்லை. பையிலிருந்து பன்னிரண்டு சின்னத் துணிப்பட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு போன் நம்பர், அழியாத மையில் அவரே எழுதியவை. சட்டைக்கு உள்பக்கம் தைத்துவிடுங்கள், கழுத்தில் உறுத்தாது, இதில் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை மறக்கவும் ஒன்றுமில்லை என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஆளுக்கொன்று கொடுத்தார். சிலம்புவின் சட்டையில் அவரே தைத்திருந்தார். தையல் கோணல்மாணலாக இருந்தது. நான் அதைப் பிரித்துத் தைக்கவில்லை.

இப்போதும் கூட்டத்துக்குப் போகிறேன். சான்றிதழுக்கு எழுதிக் கொடுக்கிறேன், பள்ளிக்கூடங்களோடு சண்டை போடுகிறேன். வேலை நிற்கவில்லை. தமிழ்நிலா பரீட்சை எழுதிவிட்டாள். ஆனால் யாராவது என்னை மேடைக்குக் கூப்பிட்டால் போவதில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரங்களில் அருண்ராஜ் வீட்டு வாசலுக்குச் சிலம்புவை அழைத்துப் போகிறேன். அவரும் இப்போது ஊரிலிருந்து வந்துவிட்ட அவர் மனைவியும் தாராளமாக வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் பெயின்ட் அப்படியே இருக்கிறது. பலாமரம் இந்த வருஷம் நிறைய பிஞ்சு விட்டிருக்கிறது. அவன் விரலைப் பிடித்து எண்ணின்மேல் ஓட்டுகிறேன். கையில் பழைய கிண்ணம். சொல்லுடா, இனிமேல் அம்மா ஒன்றும் பண்ணமாட்டேன், சொல்லு என்று கேட்கிறேன். அவன் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்பது வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

போன வெள்ளிக்கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. அவனுக்காக நானே சொன்னேன், பழைய அதட்டலோடு, பழைய இழுப்போடு.

“பிளாக் பத்தொன்பது...”

சிலம்பு சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான். கை மெல்ல எழுந்தது. சொல்லப்போகிறான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் தன் உள்ளங்கையை என் வாய்மேல் வைத்தான். அழுத்தாமல், மூக்கை விட்டு, வாயை மட்டும். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். பிறகு என் கையிலிருந்த கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் மாவை அள்ளி என்னிடம் நீட்டினான்.